இன்னும் வராத வசதிக்கு இன்றே பணமா? தானாக ஓடும் கார் பற்றிய ஒரு விளக்கம்

2025 ஜூலை 15-ஆம் தேதி மும்பையில், அமெரிக்க மின்சாரக் கார் கம்பெனியான டெஸ்லா தன் முதல் இந்திய ஷோரூமைத் திறந்தது. மாடல் ஒய் காரின் அன்றைய ஆரம்ப விலை 59.89 லட்சம் ரூபாய். விலைப்பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’, அதாவது முழுத் தானோட்ட வசதி, கூடுதலாக 6 லட்சம் ரூபாய். அந்த வசதி அன்றைக்கு இந்தியாவில் எந்தச் சாலையிலும் வேலை செய்யவில்லை. பின்னால் வரும் என்ற பேச்சின் பேரில்தான் அந்த 6 லட்சம்.

திருநெல்வேலியில் எத்தனை பேர் டெஸ்லா வாங்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். இதே கேள்வி கொஞ்சம் சின்ன அளவில் நம் ஊர் ஷோரூம்களிலும் வந்துவிட்டது. இருபது லட்சம் ரூபாய்க்குள் கார் பார்க்கப் போகிறவரிடம், “அண்ணாச்சி, டாப் மாடலே எடுத்துருங்க. இப்ப இல்லாததெல்லாம் அப்டேட்ல வந்துரும்” என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ போனில் “இங்க கார் தானாவே ஓடுதுப்பா” என்கிறார். இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறவருக்கு, நாளைக்கு நம் காரும் அப்படி ஓடிவிடும் என்று தோன்றுவது இயல்பு. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

1. ‘தானாக ஓடும்’ என்றால் என்ன?

எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. உலகம் முழுக்கக் கார் கம்பெனிகள் ‘லெவல்’ என்று சொல்வது அதைத்தான். 0 முதல் 5 வரை மொத்தம் ஆறு படிகள்.

1. லெவல் 0: எல்லாம் நம் கையில். கார் அதிகபட்சம் எச்சரிக்கை ஒலி கொடுக்கும், ஆபத்து நேரத்தில் ஒரு நொடி பிரேக் பிடிக்கும்.

2. லெவல் 1: வேகம், ஸ்டீயரிங் இரண்டில் ஏதாவது ஒன்றைக் கார் பார்த்துக்கொள்ளும். முன்னால் போகும் வண்டிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இந்த வகை.

3. லெவல் 2: இரண்டையும் சேர்த்துக் கார் செய்யும். ஆனால் நம் கண் சாலையை விட்டு விலகக்கூடாது. இந்தியாவில் 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 வந்ததற்குப் பிறகு பரவலாகப் பேசப்படும் ‘அடாஸ்’ என்ற ஓட்டுநர் உதவித் தொகுப்புகள் இந்தப் படிக்கு மேலே போவதில்லை. பெயரில் என்ன இருந்தாலும், வாடிக்கையாளர் ஓட்டும் டெஸ்லா காரின் ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ வசதியும் இதே படிதான். 2024-இல் அந்தக் கம்பெனியே பெயருக்குப் பின்னால் ‘மேற்பார்வையுடன்’ என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்துவிட்டது.

4. லெவல் 3: குறிப்பிட்ட சாலையில், குறிப்பிட்ட வேகத்துக்குள் கார்தான் ஓட்டுநர். நாம் வேறு வேலை பார்க்கலாம். கார் கூப்பிட்டால் மட்டும் திரும்ப ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும்.

5. லெவல் 4: குறிப்பிட்ட எல்லைக்குள் ஓட்டுநரே வேண்டாம்.

6. லெவல் 5: எந்தச் சாலையிலும், எந்த நேரத்திலும் ஓட்டுநர் வேண்டாம். அப்படி ஒரு கார் இதுவரை உலகில் விற்பனைக்கு வரவில்லை.

இதில் முக்கியமான கோடு லெவல் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது கற்றுக்கொள்ள வந்த பையன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் கால் இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருக்கும். கார் நேராகப் போகிறதே என்று அவர் ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்ப்பதில்லை. லெவல் 2-இல் கார்தான் அந்தப் பையன், நாம்தான் மாஸ்டர். முட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் மாஸ்டரே. லெவல் 3-இல்தான் அந்தப் பொறுப்பு, வசதி வேலை செய்யும் நேரம்வரை, கார் செய்தவர் பக்கம் நகரத் தொடங்குகிறது.

ஆகவே ஒரு வசதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, கார் எவ்வளவு தூரம் தானாகப் போகிறது என்பதை விட, மோதினால் யார் பொறுப்பு என்பதே சரியான அளவுகோல்.

2. அந்த ஒரு தொகைக்குள் மூன்று சரக்கு இருக்கிறது

‘தானோட்டித் தொகுப்பு’ என்று ஒரே தொகையாகச் சொன்னாலும், உள்ளே மூன்று தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன.

1. காரில் பொருத்திய கேமரா, ரேடார், கம்ப்யூட்டர். இது கண்ணுக்குத் தெரியும் பொருள்.

2. இன்றே வேலை செய்யும் சாஃப்ட்வேர். ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

3. பின்னால் வரப்போகும் சாஃப்ட்வேர். இது வெறும் வாக்கு.

முதல் இரண்டுக்கும் கொடுப்பது விலை. மூன்றாவதற்குக் கொடுப்பது கடன். நாம் கம்பெனிக்குத் தரும் கடன், அதுவும் வட்டி இல்லாமல், அடமானம் இல்லாமல், திருப்பித் தரும் தேதியும் இல்லாமல். கம்பெனிகளின் கணக்குப் புத்தகமே இதைத்தான் சொல்கிறது. இன்னும் செய்து தராத வேலைக்கு வாங்கிய பணத்தை வருமானம் என்று எழுத முடியாது; கொடுக்க வேண்டிய பொறுப்பு என்றுதான் எழுத வேண்டும். வட அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ வசதியை 2022 கடைசியில் பரவலாகத் திறந்துவிட்ட பிறகுதான், அப்படி நிறுத்தி வைத்திருந்ததில் 32.4 கோடி டாலரை டெஸ்லா வருமானமாக எழுதியது.

நம் பக்கத்தில் முன்பணம் என்பது புதிய பழக்கமே இல்லை. களக்காட்டுப் பக்கம் வாழை குலை தள்ளும் முன்பே வியாபாரி தோட்டத்தைப் பார்த்து அச்சாரம் கொடுப்பது உண்டு. அவர் என்ன செய்கிறார்? தோட்டத்துக்குள் இறங்கி நடக்கிறார். கன்றுகளை எண்ணுகிறார். காற்றில் சாய்ந்தால் நட்டம் யாருடையது என்று பேசிக்கொள்கிறார். அந்த ஆபத்தைத் தலையில் சுமப்பதால், அறுவடை நாளில் சந்தையில் கிடைக்கும் விலையை விடக் குறைவாகவே பேசி முடிக்கிறார். அந்தக் குறைவுதான் அவர் காத்திருப்பதற்கும் துணிவதற்கும் கிடைக்கும் கூலி. தானோட்டி வசதிக்கு முன்பணம் கட்டுகிறவருக்கு அந்தக் குறைவு கிடைக்கிறதா, தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்க முடிகிறதா, சாய்ந்தால் நட்டம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே பதில்.

3. ஏற்கெனவே கட்டியவர்களுக்கு என்ன நடந்தது?

இதற்கு ஊகம் தேவையில்லை. 2016 முதல் நடந்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது.

2016 அக்டோபரில், இனி தயாராகும் எல்லாக் கார்களிலும் முழுத் தானோட்டத்துக்குத் தேவையான கருவிகள் இருக்கின்றன என்று டெஸ்லா அறிவித்தது. 5,000 டாலர் கொடுத்து மேம்பட்ட ‘ஆட்டோபைலட்’ என்ற ஓட்டுநர் உதவித் தொகுப்பை வாங்குபவர்கள், அதற்கு மேல் 3,000 டாலர் கட்டினால் முழுத் தானோட்ட வசதிக்கு உரியவர்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஒரு கார் 2017 முடிவதற்குள் போய்க் காட்டும் என்று டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் சொன்னார். அந்த ஓட்டம் சொன்ன காலத்தில் நடக்கவில்லை. 2019 ஏப்ரலில், அடுத்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோபோ டாக்ஸிகள், அதாவது ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்கள், சாலையில் இருக்கும் என்றார். 2020 வந்து போனது, அவை வரவில்லை.

விலை என்ன ஆனது என்று பாருங்கள்.

1. 2020 அக்டோபரில் 10,000 டாலர்.
2. 2022 செப்டம்பரில் 15,000 டாலர்.
3. 2023 செப்டம்பரில் 12,000 டாலர்.
4. 2024 ஏப்ரலில் 8,000 டாலர்.

“இப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு ஏறிவிடும்” என்பதுதான் முன்பணம் கேட்கும் எல்லோரும் சொல்லும் காரணம். சில ஆண்டுகள் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் 2022 செப்டம்பரில் 15,000 கட்டியவர், ஒன்றரை ஆண்டு கழித்து அதே வசதி 8,000-க்குக் கிடைப்பதைப் பார்த்தார். மாதச் சந்தா 2021-இல் 199 டாலருக்கு வந்து, 2024-இல் 99 டாலராகக் குறைந்தது. 8,000 டாலரை 99-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 81 மாதம். ஆறு வருடம் ஒன்பது மாதம் அதே காரை வைத்திருந்தால்தான் மொத்தமாகக் கட்டியது சந்தாவுக்குச் சமமாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் கருவிகள். 2016-இல் ‘எல்லாம் இருக்கிறது’ என்று விற்ற கார்களின் கம்ப்யூட்டர் போதவில்லை. 2019-இல் புதிய கம்ப்யூட்டர் வந்தது. முழு வசதிக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2023-இல் அதைவிடப் புதியது வந்தது. 2025 ஜனவரியில், 2019-இன் கம்ப்யூட்டர் உள்ள கார்களில் முழு வசதியை வாங்கியவர்களுக்கு அதையும் மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று மஸ்க் தாமே ஒப்புக்கொண்டார். ‘இந்தக் காரில் எல்லாக் கருவிகளும் இருக்கின்றன, சாஃப்ட்வேர் மட்டும்தான் பாக்கி’ என்ற வாக்கியத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். முடிக்காத ஒரு வேலைக்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் தேவைப்படும் என்று, அந்த வேலையை முடிக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2016-இல் மாடல் 3 காருக்கு 1,000 டாலர் கட்டிப் பதிவு செய்த இந்தியர்கள் இருந்தார்கள். கார் வரவில்லை. அந்தப் பதிவுத் தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று கம்பெனியிடமிருந்து 2025-இல் அவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. பணம் போகவில்லைதான். ஒன்பது ஆண்டு வட்டி போனது.

டெஸ்லா ஒன்றை மட்டும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் பணம் போட்ட ஆர்கோ ஏஐ என்ற தானோட்டிக் கம்பெனி 2022 அக்டோபரில் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் க்ரூஸ் ரோபோ டாக்ஸி முயற்சிக்குப் பணம் போடுவதை 2024 டிசம்பரில் நிறுத்தியது. இவ்வளவு பணமும் பொறியாளர்களும் உள்ளவர்களே பாதியில் இறங்கியிருக்கிறார்கள்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. கூகுள் குழுமத்தைச் சேர்ந்த வேமோ 2020-இலிருந்தே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநர் இல்லாத காரில் பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. அது யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை. ஏறினால் அந்தப் பயணத்துக்கு வாடகை, அவ்வளவுதான். மெர்சிடிஸ் 2022-இல் ஜெர்மனியில் லெவல் 3 வசதியை விற்றபோது எல்லையைத் தெளிவாகச் சொன்னது: அதிவேக நெடுஞ்சாலையில், நெரிசலில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை. அந்த நிபந்தனைக்குள் கார் ஓட்டும்போது நடப்பதற்குப் பொறுப்பை ஏற்கவும் முன்வந்தது. வசதி சின்னது. ஆனால் வாங்கிய அன்றே கையில் இருந்தது.

4. இவ்வளவு தாமதம் ஏன்?

தாமதம் என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஓலா எலக்ட்ரிக் 2021-இல் எஸ்1 ஸ்கூட்டரை விற்கத் தொடங்கியபோது க்ரூஸ் கண்ட்ரோல், வழிகாட்டி வரைபடம் போன்றவை வேலை செய்யவில்லை. 2022-இல் மூவ்ஓஎஸ் 2 அப்டேட்டில் வந்தன. இது தெரிந்த வேலை. உலகில் எத்தனையோ வண்டிகளில் முன்பே இருக்கும் வசதி. செய்து முடிக்க நேரம் போதவில்லை, அவ்வளவுதான். ஓட்டுநர் இல்லாமல் எங்கும் ஓடும் கார் அப்படிப்பட்டது இல்லை. அதைச் செய்து முடித்தவர் இன்னும் யாரும் இல்லை. ‘அப்டேட்டில் வரும்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதுதான் குழப்பத்தின் வேர்.

சாதாரண நேரத்தில் ஓட்டுவதைக் கம்ப்யூட்டர் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. நூற்றில் 99 நிமிடம் சரியாக ஓட்டும் கார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மீதி ஒரு நிமிடத்தில்தான் விபத்து நடக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் நிகழ்வுகளுக்குக் கணக்கே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு விதம். 99-இலிருந்து 99.9-க்குப் போக எவ்வளவு உழைப்பு தேவையோ, அதைவிட அதிக உழைப்பு 99.9-இலிருந்து 99.99-க்குப் போகத் தேவைப்படும்.

நம் சாலையை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு நான்குவழிச் சாலையில் போனால், பணகுடி தாண்டிக் காவல்கிணறு நெருங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். புதிதாக ஓட்டுபவருக்குக் கை நடுங்கும். கம்ப்யூட்டருக்கு அது எளிய வேலை. கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகினோம் என்று அளந்து ஸ்டீயரிங்கை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும்.

இப்போது பிசான அறுவடைக் காலத்துக்கு வாருங்கள். மாசி, பங்குனியில் ஆற்றுப்பாசன ஊர்களின் சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் நாலைந்து கருங்கல், ஒரு முள்கிளை. சாலையின் வெள்ளைக்கோடு நெல்லுக்கு அடியில் இருக்கிறது. ஒரு அம்மா சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டியபடி காலாலேயே நெல்லைக் கிளறிவிட்டு நடக்கிறார். எதிரே மினிபஸ் வருகிறது. இங்கே நம் ஊர் ஓட்டுநர் என்ன செய்கிறார்? நெல்லின் மேல் ஏற்றக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மா வரிசை முடிந்ததும் திரும்புவார் என்பதும் தெரியும். மினிபஸ் டிரைவர் ஹெட்லைட்டை ஒரு முறை அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள் என்பதும் தெரியும். எல்லாம் இரண்டு நொடிக்குள். கேமராவுக்குத் தெரிவது மஞ்சள் பரப்பு, சில கற்கள், ஒரு மனித உருவம், எதிரே ஒரு வண்டி. அந்த மஞ்சள் பரப்பு சாலையா, தடையா, யாரோ ஒருவரின் ஆறு மாத உழைப்பா என்று முடிவு செய்ய, இதைப்போல எத்தனையோ சாலைகளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் பல கோடி கிலோமீட்டர் ஓடிச் சேர்த்த பழக்கம் இங்கே அப்படியே உதவாது.

நான்குவழிச் சாலையிலும் சிக்கல் உண்டு. திரும்பும் இடைவெளி தூரத்தில் இருப்பதால் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் பைக்குகள் எதிர்த்திசையில் ஓரமாக வருவது அன்றாடக் காட்சி. ஆட்டு மந்தை குறுக்கே போகும். ஊருக்குள் வந்தால், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது டவுனில் சிக்னலுக்கு வேலையே இருக்காது. போலீஸ்காரரின் கை காட்டுவதுதான் சட்டம்.

அமெரிக்கச் சாலையிலேயே இது முடிந்துபோன கதை இல்லை. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கேள்விகளையடுத்து, ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ வசதி உள்ள 3,62,758 கார்களுக்கு டெஸ்லா திருத்தம் அறிவித்தது. திரும்புவதற்கு மட்டுமான லேனில் நேராகப் போவது, நின்றுபோக வேண்டிய சந்திப்பில் முழுதாக நிற்காமல் உருள்வது போன்றவை அங்கே சொல்லப்பட்ட குறைகள்.

இதையெல்லாம் சொல்வதால் இன்றைய அடாஸ் வீண் என்று ஆகிவிடாது. திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு நூற்றறுபது கிலோமீட்டர். அந்தச் சாலையில் முன்வண்டியைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்யும் க்ரூஸ் கண்ட்ரோல் காலுக்கு நல்ல ஓய்வு. முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், தூக்கக் கலக்கத்தில் நாம் தவறவிட்டதைத் தானியங்கி பிரேக் பிடிக்கலாம். கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் பைக் வந்தால் எச்சரிக்கும் விளக்கு உயிரைக் காப்பாற்றும். இவற்றுக்குப் பணம் கொடுப்பது சரியே. இவை டெலிவரி எடுத்த அன்றே வேலை செய்கின்றன.

5. வசதி வந்தாலும் சட்டம் விடுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, உரிமம் பெற்ற ஒரு மனிதர் வண்டியை ஓட்டுகிறார் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை, அவை ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலும் 2023-இலும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்த நிலைப்பாடு பிற்காலத்தில் மாறலாம். ஆனால் நீங்கள் கட்டும் பணம் கம்பெனியின் திறமையை மட்டும் நம்பிக் கட்டுவதாக இருக்காது. அரசின் முடிவையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும். கம்பெனி வேலையை முடித்தும் அனுமதி கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்பது தனிக் கேள்வி.

விபத்துப் பொறுப்பும் இதோடு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி, கவனக்குறைவால் உயிரிழப்பை ஏற்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை. “கார்தான் ஓட்டியது” என்று லெவல் 2 காரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

6. ஒரு கணக்கு

6 லட்சம் ரூபாயையே எடுத்துக்கொள்வோம். கார் கடனோடு சேர்த்து 9 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டினால், இந்த வசதிக்கு மட்டும் மாதம் சுமார் 12,455 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 7.47 லட்சம். அதே 6 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கி வைப்பில் போட்டால் மூன்று ஆண்டில் சுமார் 7.39 லட்சம் ஆகும். அதாவது மூன்று ஆண்டு பொறுத்திருந்து, வசதி வந்த பிறகு விலை 7 லட்சமாக ஏறியிருந்தாலும் காத்திருந்தவருக்கு நட்டமில்லை. வராவிட்டால் முழுப் பணமும் வட்டியோடு கையில்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்.

1. காரை எட்டு ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று கொள்வோம். எட்டு ஆண்டும் முழுதாகப் பயன்பட்டால் 6 லட்சம் நியாயமான விலை என்றும் ஏற்றுக்கொள்வோம்.

2. வசதி நான்கு ஆண்டு கழித்து வந்தால், பயன்படுத்துவது பாதிக் காலம். மதிப்பு 3 லட்சமாகிறது.

3. உங்கள் காரில், உங்கள் சாலையில் அது வருவதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு என்றால் மதிப்பு ஒன்றரை லட்சம்.

ஐம்பது சதவீதம் என்பது என் கணிப்பு இல்லை, கணக்குக்காக வைத்த எண். மேலே சொன்ன பத்தாண்டு வரலாற்றைப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் போட்டால் அதைவிடக் குறைவாகத்தான் போடுவேன்.

காரை விற்கும் நாளையும் யோசிக்க வேண்டும். இந்த வசதி பொதுவாகக் காரோடு ஒட்டியது, உரிமையாளரோடு வராது. டெஸ்லா 2023-இல் சில மாதங்களுக்கு மட்டும் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ள விட்டது, அது ஒரு சலுகை. கார் விபத்தில் முழுதாகப் போய்விட்டால் என்ன ஆகும்? காப்பீட்டில் காரின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானம் கழித்தே போடப்படுகிறது. இரண்டிலிருந்து மூன்று ஆண்டான காருக்கு 30 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்து ஆண்டான காருக்கு 50 சதவீதமும் கழியும். சாஃப்ட்வேருக்குக் கட்டிய தொகை அந்த மதிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பாலிசி எடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

7. ஷோரூமில் கேட்க வேண்டியவை

1. இந்த வசதி எந்த லெவல்? வாய்வார்த்தை வேண்டாம், கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். ‘ஓட்டுநர் எந்நேரமும் கவனமாக இருக்க வேண்டும்’ என்ற வரி இருந்தால் அது லெவல் 2. விளம்பரத்தில் என்ன பெயர் இருந்தாலும் அதேதான்.

2. டெஸ்ட் டிரைவ் எங்கே? ஷோரூம் வாசலிலிருந்து வண்ணாரப்பேட்டை மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் தினமும் போகும் சாலையில், முடிந்தால் இருட்டிய பிறகு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தென்காசிக்கு வாரம் இரண்டு முறை போகிறவர் ஆலங்குளம் வரையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

3. பிற்பாடு தனியாக வாங்கிக்கொள்ள முடியுமா, மாதச் சந்தா உண்டா? ‘முடியும்’ என்றால் இன்று கட்டுவதற்குக் காரணமே இல்லை. ‘கருவிகளை இப்போதே பொருத்தினால்தான் உண்டு’ என்றால், கருவிக்கான விலையை மட்டும் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

4. கம்ப்யூட்டர் போதாமல் போனால் யார் செலவில் மாற்றுவது?

5. சொன்ன தேதிக்கு வராவிட்டால் பணம் திரும்புமா, வட்டி உண்டா?

இத்தனைக்கும் எழுத்தில் பதில் கிடைத்து, விலையும் அந்த வியாபாரி வாழைக்கு வாங்கும் சலுகையைப் போல நன்றாகக் குறைந்து, அந்தப் பணம் போனாலும் வீட்டில் எதுவும் நின்றுபோகாது என்ற நிலை இருந்தால் கட்டலாம். தவணை போட்டுக் கார் வாங்கும் குடும்பத்துக்கு இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் ஆறு ஏர்பேக் உள்ள மாடலுக்கோ நல்ல டயருக்கோ போவது மேல்.

8. ஏற்கெனவே கட்டியிருந்தால்

விளம்பரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, ஆர்டர் படிவம், ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தைத் தனியாகவே வரையறுத்துள்ளது. முதல் படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், காரை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்ய முடியும். 20 முதல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு மதுரையில் ஒரு கிளை இருக்கிறது.

காலக்கெடு இரண்டு ஆண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து அதை எண்ணுவார்கள். ‘விரைவில் வரும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பிரச்சினை எந்த நாளில் எழுந்தது என்று இரண்டு தரப்பும் வாதாட வேண்டிவரும். கம்பெனி ‘இன்னும் தாமதம்தான், மறுக்கவில்லையே’ என்று சொல்லும், அல்லது ‘வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும், காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லும். அதனால் இனிமேல் கட்டப்போகிறவர்கள், ஆர்டர் படிவத்தில் கார் டெலிவரி தேதிக்குக் கீழே அந்த வசதி வரும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுத்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் காருக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.